கட்டியம் கூறிய சிறுகார்

அரபு மொழியில் இன்று மோட்டார் காருக்கு வழங்கி வரும் சொல் ‘ஸய்யாரா’ என்பதாகும். இது புதிதாகப் படைக்கப்பட்ட சொல் அன்று. நடத்தல், வழிச்செல்லுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த இச்சொல், முற்காலத்தில் பாலையைக் கடந்து செல்லும் பயணக் கூட்டத்தைக் குறித்து நின்றது. யூசுப் நபி (அலை) அவர்களைக் கிணற்றிலிருந்து மேலே எடுத்த வழிப்போக்கர் கூட்டத்தைத் திருக்குர்ஆன் இச்சொல்லாலேயே சுட்டுகிறது. கூட்டத்திற்குரிய பெயர் எப்படி ஓர் இயந்திரத்திற்கு வந்து சேர்ந்தது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. எண்ணிப் பார்த்தால் அதில் பொருத்தக்கேடு ஏதுமில்லை. ஒரு காருக்குப் பின்னால் ஒரு கூட்டமே இருக்கிறது. அதை வரைந்தவர், வார்த்தவர், பூட்டியவர், பழுது நீக்கியவர், ஏறிச் சென்றவர் என்று அக்கூட்டம் நீண்டு செல்லும்.

அத்தகைய ஒரு கூட்டத்தின் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுகின்றோம். நாம் எடுத்துக் கொண்ட வண்டி ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்னும் சிறுகார். ஆங்கிலேய நாட்டில் உருவாகி, நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்து வண்டலூரில் செய்யப்பட்டு, தமிழகத்து வீதிகளில் ஓடித் திரிந்த வண்டி அது. அவ்வண்டிகளுள் ஒன்றை உத்திரமேரூரில் 1994 முதல் 2003 வரை நாமும் வைத்திருந்தோம். அதன்பால் நமக்குள்ள அன்பு இக்கட்டுரைக்கு ஒரு காரணம். எனினும் அதனினும் பெரிய காரணம் வேறொன்று உண்டு. நம் பகுதியில் கார்த் தொழில் 1990களில் அயல்நாட்டு நிறுவனங்களோடு வந்து இறங்கியது என்று இன்று பலரும் எழுதுகிறார்கள். இளைஞர்கள் அப்படியே நம்புகிறார்கள். அது உண்மையன்று. அதற்கு நாற்பதாண்டுகளுக்கும் முன்பே இம்மண்ணில் கார் செய்தார்கள். செய்தவர்களும் நம்மவர்கள்.

கோவென்றியில் பிறந்தது

ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இங்கிலாந்தின் கோவென்றி நகரில் 1903ஆம் ஆண்டு தொடங்கப் பெற்றது. அது 1944இல் டிரையம்ப் என்னும் மற்றொரு நிறுவனத்தை வாங்கிக் கொண்டது. போருக்குப் பின் அது வெளியிட்ட பெருங்கார் ‘வான்கார்டு’. அக்காருக்கெனச் செய்த எஞ்சின் குடும்பமே அந்நாளைய பெர்குசன் டிராக்டரையும் இயக்கியது. வயலில் உழுத டிராக்டரும் சாலையில் ஓடிய காரும் ஒரே நெஞ்சைப் பகிர்ந்து கொண்டன எனலாம்.

கம்பெனிக்கு 1953இல் ஓர் இடர் நேர்ந்தது. அதன் கார்களுக்கு உடற்கூடு செய்து கொடுத்து வந்த தொழிலகத்தை, ஆஸ்டினும் மாரிசும் ஒன்று சேர்ந்து உண்டான பெருநிறுவனம் விலைக்கு வாங்கி விட்டது. அன்றைய புதுக்கார்களில் பெரும்பாலானவை, அடிச்சட்டமும் உடற்கூடும் பிரியாமல் ஒரே கூடாக வார்க்கப்பட்டு வந்தன. அப்படி ஒரு கூட்டை முழுதாகச் செய்து தருவார் இன்றிப் போகவே, ஸ்டாண்டர்டு கம்பெனி பழைய முறைக்குத் திரும்பியது. கீழே தனியாக ஒரு வலிய அடிச்சட்டம். அதன்மேல் பல தொழிலகங்களில் செய்து வாங்கிய தகடுகளைப் போல்ட்டு கொண்டு பூட்டுவது. இத்தாலி நாட்டு வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கலோட்டி இவ்வண்டிக்கு உருவம் வரைந்தார். 1959ஆம் ஆண்டு ஏப்ரலில் அது ‘டிரையம்ப் ஹெரால்டு’ என்னும் பெயரோடு வெளிவந்தது.

வேறு வழியின்றி மேற்கொண்ட இம்முறை ஒரு பெருநன்மையைத் தந்தது. பகுதி பகுதியாகப் பிரித்துப் பெட்டிகளில் அடுக்கிக் கப்பலேற்றி, கடல்கடந்த நாடுகளில் மீண்டும் பூட்டுவதற்கு இதைவிட ஏற்ற கார் கிடைப்பது அரிது. பெரிய அச்சு இயந்திரங்கள் இல்லாத ஒரு நாட்டில், கைத்திறனை நம்பிக் கார் செய்ய முற்பட்டவர்களுக்கு இது வாய்ப்பாயிற்று. கோவென்றியில் நேர்ந்த தட்டுப்பாடு வண்டலூருக்குத் துணையாக வந்தது.

‘ஹெரால்டு’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் கட்டியங்காரன் என்பது பொருள். அரசன் எழுந்தருளுமுன் அவன் வரவை முன்னறிவிப்பவன் கட்டியங்காரன். கம்பெனியின் தலைவராக இருந்தவர் தமது படகுக்கு இட்டிருந்த பெயரையே இக்காருக்கும் இட்டார் என்பர். எக்காரணத்தால் வந்திருப்பினும், நம் மாவட்டத்தைப் பொறுத்தவரை அப்பெயர் மெய்யாயிற்று.

வண்டலூரில் வளர்ந்தது

சென்னையில் யூனியன் கம்பெனி என்னும் மோட்டார் வாணிப நிறுவனமும் கோவென்றி ஸ்டாண்டர்டு கம்பெனியும் சேர்ந்து 1948ஆம் ஆண்டு இந்திய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தைத் தொடங்கின. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு அது. பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையே, திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி ஆலை எழுந்தது. இன்று அப்பக்கம் பயணம் செய்வோர்க்கு 1984இல் தொடங்கிய கிரசண்ட் பொறியியற் கல்லூரியும், 1985இல் திறந்த அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுமே அடையாளங்கள். இவ்விரண்டும் வருவதற்கு முப்பதாண்டுகளுக்கு மேல் முன்பே, வண்டலூர் என்றால் கார் ஆலை என்று மக்கள் அறிந்திருந்தனர்.

அதே 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தோன்றியது. ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்கென எழுந்த அந்நிறுவனம், 1955இல் அசோக் லேலண்டு எனப் பெயர் மாறி லாரித் தொழிலுக்குச் சென்றது. ஆகவே சென்னையைச் சுற்றிக் கார் செய்யும் பணி வண்டலூர் ஆலையின் பொறுப்பாயிற்று. முதலில் வான்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு எய்ட், டென், பெனண்டு என்னும் சிறுகார்கள், 1961இல் ஹெரால்டு.

தொடக்கத்தில் பாகங்கள் கப்பலில் வந்தன. இங்கே அவற்றைப் பூட்டினார்கள். ஆனால், வெறுமனே பூட்டி விற்பது போதாது, ஆண்டுக்காண்டு உள்நாட்டுப் பாகங்களைக் கூட்டிச் செல்ல வேண்டும் என்பது அரசின் கொள்கை. அக்கொள்கைக்கு உடன்படாத ஜெனரல் மோட்டார்ஸ், போர்டு ஆகிய அமெரிக்கக் கம்பெனிகள் 1950களின் நடுவில் இந்தியாவிலிருந்த தம் பூட்டும் கூடங்களை மூடிக்கொண்டு சென்றன. எஞ்சிய கார் செய்வோர் மூவர். வங்காளத்து உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். பம்பாய் குர்லாவில் பிரிமியர். தமிழகத்து வண்டலூரில் ஸ்டாண்டர்டு.

பாகங்களை இங்கேயே செய்ய வேண்டும் என்ற கட்டாயம் பாகம் செய்வோரை உண்டாக்கிற்று. செம்பியத்தில் பிஸ்டன் செய்யும் ஆலை 1949இல் எழுந்தது. 1960களின் தொடக்கத்தில் பாடியில் மின்கருவிகள், பிரேக்குகள், சக்கரங்கள் செய்யும் ஆலைகள் வரிசையாகத் தோன்றின. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வளர்ந்தது. லாரி, மோட்டார் சைக்கிள், கார் ஆகிய மூன்றையும் செய்யும் நிறுவனங்கள் அருகருகே இருந்தமையால், ஒரு திருகாணி முதல் ஒரு சக்கரம் வரை எல்லாம் இப்பகுதியிலேயே கிடைக்கும் நிலை ஏற்பட்டது. பின்னாளில் அயல்நாட்டார் இங்கு வந்து ஆலை வைத்ததற்கு, துறைமுகமும் நிலமும் மின்சாரமும் மட்டும் காரணங்கள் அல்ல. கடைசல் பிடிக்கவும் வார்ப்படம் வார்க்கவும் அளவு பார்க்கவும் அறிந்த கைகள் இங்கே முன்னமே இருந்தன.

இன்னொரு செய்தியும் குறிக்கத் தக்கது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு–டிரையம்ப் நிறுவனத்தை 1961இல் லேலண்டு வாங்கியது. 1963இல் ‘ஸ்டாண்டர்டு’ என்னும் பெயர் அந்நாட்டுக் கார்களிலிருந்து மறைந்தது. பிறந்த ஊரில் வழக்கொழிந்த அப்பெயர், வண்டலூரில் மேலும் 25 ஆண்டுகள் வாழ்ந்தது.

நான்கு கதவின் நியாயம்

ஆங்கிலேயர் செய்த ஹெரால்டுக்குக் கதவு இரண்டு. பின்னிருக்கையில் அமர வேண்டுவோர் முன்னிருக்கையை மடக்கி, உடலைக் குறுக்கி நுழைய வேண்டும். அங்கே கணவனும் மனைவியும் முன்னால் அமர்வர். சிறு பிள்ளைகள் பின்னால் ஏறுவர். இங்கே நிலைமை வேறு. ஓட்டுபவர் முன்னால் இருக்க, பின்னிருக்கை பெரியவர்களுக்கும் பெண்களுக்கும் உரியது. முழங்கால் வலியுள்ள பாட்டியும், பட்டுச் சேலை உடுத்த மணமகளும், புர்கா அணிந்த தாய்மாரும் மடங்கி நுழைவது எப்படி? வண்டலூரார் இதை உணர்ந்தனர். 1960களின் பிற்பகுதியில் ‘மார்க் 3’ என்னும் நான்கு கதவுக் காரைச் செய்தனர். டிரையம்ப் கம்பெனி தன் நாட்டில் நான்கு கதவு ஹெரால்டை ஒருபோதும் செய்ததில்லை. அது இந்தியாவிற்கே உரிய உருவம்.

பிறர் கொடுத்த பாடத்தை அப்படியே ஒப்பித்தவர்கள் என்று இந்நாட்டுத் தொழிலாளரைச் சிலர் குறைத்துரைப்பதுண்டு. அவர்களுக்கு இந்த இரண்டு கதவுகளே விடை. அரபியில் கற்ற ஒரு சட்ட நூலுக்குத் தமிழில் உரை எழுதுகின்ற ஆலிம், தம் ஊர் மக்களின் வழக்கத்தைக் கருதி ஒரு விளக்கத்தைக் கூட்டிச் சேர்ப்பார். மூலம் அவருடையதன்று, விளக்கம் அவருடையதே. வண்டலூர்க் காரும் அவ்வகையில் ஓர் உரைநூல்.

உத்திரமேரூரில் ஹெரால்டு

பாலாற்றுக்குத் தெற்கே, ஏரிகளும் நெல்வயல்களும் சூழ்ந்த ஊர் உத்திரமேரூர். புகைவண்டி நிலையம் இல்லை. காஞ்சிபுரத்திற்கோ செங்கற்பட்டிற்கோ செல்ல வேண்டுமாயின் பேருந்தை எதிர்நோக்கித்தான் நிற்க வேண்டும். இரவில் கடைசிப் பேருந்து சென்றுவிட்டால் விடியும்வரை ஊர் ஒரு தீவு. அத்தகைய ஊரில் ஒரு கார் என்பது ஒரு வீட்டின் உடைமையாக மட்டும் இருக்க முடியாது.

நாம் வாங்கிய வண்டி நான்கு கதவு மார்க் 3. அது நம் கைக்கு வந்தபோது அதற்கு 25 வயதுக்குக் குறையாது. ஆலை மூடி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆசிரியரின் சம்பளத்தில் வாங்கக் கூடியதாக இருந்த கார் அது ஒன்றே. மாட்டுக் கொட்டிலின் ஒரு பாதியைத் தடுத்து அதற்கு இடம் செய்தோம். பசு சிலநாள் முறைத்தது. பின் பழகிக் கொண்டது.

அவ்வண்டியின் அழகு அதன் முன்பாகத்தில் இருந்தது. மற்றக் கார்களில் எஞ்சின் மூடி மட்டும் திறக்கும். ஹெரால்டிலோ கண்ணாடிக்கு முன்னுள்ள பகுதி முழுவதும், மட்கார்டுகளும் விளக்குகளும் உட்பட, முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சினும் முன்சக்கரங்களும் வெட்டவெளியில் நிற்கும். பழுது பார்ப்பவர் சக்கரத்தின் மேலேயே அமர்ந்து கொண்டு, கறிகாய் நறுக்குவது போல ஓய்வாக வேலை செய்யலாம். மாலையில் நாம் மூடியைத் திறந்தால் தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்து சூழ்ந்து கொள்வார்கள். எது நீர்த்தொட்டி, எது கார்புரேட்டர், எது டைனமோ என்று கேட்டுக் கேட்டு அறிந்து கொண்டார்கள். உள்ளுறுப்பை மறைக்காத இயந்திரம் நல்லாசிரியனுக்கு நிகர் என்று அப்பொழுது தோன்றும்.

அதன் மற்றொரு சிறப்பு, திரும்புகின்ற திறன். 25 அடி விட்டமுள்ள ஒரு வட்டத்திற்குள் அது முழுதாகத் திரும்பிவிடும். இது லண்டன் வாடகைக் காருக்கு நிகரானது. இருபுறமும் திண்ணைகள் நெருங்கிய எம் தெருவில், பேருருவக் கார்கள் பின்வாங்கி முன்வாங்கித் திணறும். ஹெரால்டு ஒரே சுற்றில் திரும்பி வீட்டை நோக்கி நிற்கும்.

எஞ்சின் கொள்ளளவு 948 சிசி. இன்றைய கணக்கில் சிறிது. எனினும் அச்சிறிய எஞ்சின் சுமந்தவை எத்தனை! நிக்காஹ் நாளில் மாப்பிள்ளையைப் பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்றது அதுவே. மறுநாள் அண்டை வீட்டு முதலியார் மகளைப் புகுந்த வீட்டிற்கு அனுப்பி வைத்ததும் அதுவே. பெருநாளுக்கு முந்திய வாரம் துணி வாங்கக் காஞ்சிபுரம் செல்லும்போது எழுவர் அமர்வர். திரும்பும்போது எழுவரோடு மூட்டைகளும் அமரும்.

1996ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு, பக்கத்துத் தெருவில் வயல்வேலை செய்யும் ஓர் இளைஞர் வந்து கதவைத் தட்டினார். மனைவிக்குப் பேறுகால வலி. மருத்துவச்சி கைவிரித்து விட்டார். “பாய், வண்டி கிளம்புமா?” என்று ஒரே சொல் கேட்டார். கிளம்பிற்று. தூறலில், தண்ணீர் தேங்கிய சாலையில், செங்கற்பட்டு அரசு மருத்துவமனைக்குச் சென்று சேர்ந்தோம். விடியுமுன் ஆண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். அந்தப் பிள்ளை இன்று ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் பணியாற்றுகிறார். அவர் பிறந்த இரவில் அவர் தாயைச் சுமந்த கார், அவர் நாள்தோறும் போய்வரும் இதே வட்டாரத்தில் செய்யப்பட்டது என்று ஒருநாள் சொன்னோம். “நம்ம பக்கத்துலயா? அப்பவே காரா?” என்று வியந்தார். கார் உலகிலேயே பிழைக்கும் ஓர் இளைஞருக்கு அச்செய்தி எட்டாதது ஏன் என்ற எண்ணம் அன்றிலிருந்து நம்மை விடவில்லை.

பித்தளை மூட்டு

ஆலை மூடிய பிறகும் ஹெரால்டுகள் எப்படி ஓடின? சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளும், ஆலையில் வேலை செய்து பின் தனியே ஷெட் போட்டவர்களும் அவற்றை வாழ வைத்தார்கள்.

நம் வண்டியைக் கவனித்து வந்த மேஸ்திரி அத்தகையவர்களுள் ஒருவர். இளமை முழுவதையும் வண்டலூர் ஆலையில் கழித்து, அது மூடியபின் செங்கற்பட்டுச் சாலையோரம் ஒரு கீற்றுக் கொட்டகையில் தொழிலைத் தொடர்ந்தார். ஹெரால்டின் முன்சக்கரங்களைத் தாங்கும் அடிமூட்டு பித்தளையால் ஆனது. மற்ற வண்டிகளுக்குப் போல அதற்குக் கிரீஸ் அடிப்பதே பலரின் வழக்கம். மேஸ்திரி அதைக் கண்டால் கையைப் பிடித்துத் தடுப்பார்.

“பாய், இதுக்குக் கிரீஸ் ஆகாது. கிரீஸ் உள்ள போகாம வாயிலயே அடைச்சுக்கும். கியர் ஆயில் விடணும். காய விட்டீங்கன்னா ஒருநாள் சக்கரமே மடங்கிடும்” என்பார்.

கம்பெனியின் கையேடும் அதையே சொல்கிறது என்பதைப் பின்னர் அறிந்தோம். மேஸ்திரி கையேட்டைப் படித்தவரல்லர். ஆலையில் மூத்தவர் சொல்ல இவர் கேட்டார். இவர் சொல்ல இவருடைய பையன்கள் கேட்டார்கள். மதரஸாக்களில் நாம் பாடம் ஓதும்போது, இதை யாரிடமிருந்து கேட்டாய், அவர் யாரிடமிருந்து கேட்டார் என்று ஆசிரியர் வரிசையைச் சொல்லும் வழக்கம் உண்டு. அதனை ‘ஸனத்’ என்போம். அறிவு கைமாறும் அத்தகைய ஒரு சங்கிலி, வண்டலூர் ஆலையிலும் செங்கற்பட்டுக் கொட்டகையிலும் இருந்தது. வேறுபாடு ஒன்றுதான். நம் சங்கிலியில் பெயர்கள் எழுதி வைக்கப்பட்டன. அவர்கள் சங்கிலியில் பெயர்கள் எழுதப்படவில்லை.

நவ்வி ஓடி ஓய்ந்தது

ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே மேலும் கீழும் அசையக் கூடியவை. குறுக்கே கிடக்கும் ஒரே பட்டை இரண்டையும் தாங்கும். நால்வர் அமர்ந்து செல்லும் நல்ல சாலைக்கு அது சுகமானது. எழுவரும் மூட்டைகளும் ஏறினால், சுமையேற்றிய மாடு காலை அகட்டி நிற்பது போலப் பின்சக்கரங்கள் அடிப்பக்கம் விரிந்து நிற்கும். டயர் ஒருபுறமாகத் தேயும். இந்நாட்டு வாங்குவோரும் மெக்கானிக்குகளும் இவ்வமைப்பை விரும்பவில்லை. எனவே 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டு நிறுத்தப்பட்டு, அதே எஞ்சினோடும் உறுதியான ஒரே பின்னச்சோடும் ‘காஸெல்’ என்னும் நான்கு கதவுக் கார் வந்தது. நம் மக்களின் சுமைக்கேற்ப வண்டலூரார் செய்த இரண்டாவது மாற்றம் இது.

காஸெல் என்பது மானினத்தின் பெயர். ஐரோப்பிய மொழிகளுக்கு அச்சொல் அரபியின் ‘கஸால்’ என்பதிலிருந்து சென்றது. பழந்தமிழில் நவ்வி என்போம். அரபியில் பிறந்து, ஆங்கிலத்தில் உருத்திரிந்து, தமிழ்நாட்டுக் காரின் நெற்றியில் வந்து அமர்ந்த சொல் அது. ஆனால் அந்த மானுக்கு ஓடுவதற்குக் களம் வாய்க்கவில்லை.

1973ஆம் ஆண்டு அக்டோபரில் அரபு–இஸ்ரேல் போர் மூண்டது. எண்ணெய் தரும் அரபு நாடுகள் ஏற்றுமதியைக் குறைத்தன. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. இந்தியாவில் பெட்ரோல் விலை ஏறியதைக் கண்டித்து, அவ்வாண்டு நவம்பரில் வாஜ்பாய் மாட்டு வண்டியில் பாராளுமன்றம் சென்றார். அதே எண்ணெயின் செல்வம் நம் சமுதாயத்து இளைஞர் பலருக்கு வளைகுடா நாடுகளின் வாயிலைத் திறந்துவிட்டது. ஒரு கதவு திறந்த அதே காற்றில் மற்றொரு கதவு சாத்திக் கொண்டது. கார் வாங்குவோர் குறைந்தனர். கார் விலையின்மேல் அரசின் கட்டுப்பாடு, அயல்நாட்டுச் செலாவணித் தட்டுப்பாடு, உற்பத்திக்கு உரிமம் என்னும் வேலிகளுக்கிடையே சிறிய நிறுவனமொன்று புதிய காரை உருவாக்குவது எளிதன்று. மிகச் சிறிய அளவிலேயே செய்யப்பட்ட காஸெல் 1977இல் நின்றது. அதன்பின் சில ஆண்டுகள் ‘ஸ்டாண்டர்டு 20’ என்னும் வேன்களே ஆலையின் வாழ்வாயின.

இந்நிலையில்தான் 1983 டிசம்பரில் மாருதியின் சிறுகார் வெளிவந்தது. ஜப்பானிய நுட்பம், குறைந்த எடை, குறைந்த எரிபொருள். நாடு நெடுங்காலம் காத்திருந்தது இத்தகைய சிறுகாருக்கே. வண்டலூர் ஆலையோ அவ்வேளையில் எதிர்த்திசையில் நடந்தது. இங்கிலாந்தின் ரோவர் காரின் உடலை எடுத்து, அதற்குள் பழைய வான்கார்டு வழிவந்த எஞ்சினை வைத்து, ‘ஸ்டாண்டர்டு 2000’ என்னும் பெருங்காரை 1985இல் வெளியிட்டது. உருவம் கம்பீரமானது, விலை மிகுதி, எரிபொருள் செலவும் மிகுதி. சிறுகார் செய்வதில் இருபதாண்டுக் காலம் கைபழகிய ஆலை, சிறுகாருக்குக் காலம் கனிந்த நாளில் பெருங்காரின் பின்னே சென்றது வரலாற்றின் விந்தை. 1988இல் ஆலை ஓய்ந்தது. தொழிலாளர் வேலையிழந்தனர். சிலர் ஷெட் போட்டனர். சிலர் வேறு ஆலைகளுக்குச் சென்றனர். சிலர் ஊர் திரும்பினர். ஆலை நின்ற நிலத்தில் இன்று அடுக்குமாடிக் கட்டடங்களும் கணினி அலுவலகங்களும் நிற்கின்றன.

ஏழாண்டுகள் கழிந்தன. 1995இல் போர்டு நிறுவனம் இந்தியாவிற்கு மீண்டும் வந்தது. அது இடம் தேர்ந்தது மறைமலை நகரில். வண்டலூரிலிருந்து அதே நெடுஞ்சாலையில் சற்றுத் தெற்கே உள்ள ஊர் அது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் காரும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் ஆலையும் வந்தன. போர்டு ஆலை 2022இல் கார் உற்பத்தியை நிறுத்திற்று. ஆலைகள் வரும், போகும். கைத்திறன் மட்டும் ஓர் ஊரில் தங்கிவிட்டால் அடுத்த ஆலையை அதுவே அழைத்து வரும். ஹெரால்டு கட்டியம் கூறியது என்று நாம் சொல்வதன் பொருள் இதுதான்.

கல்லில் எழுதாத கணக்கு

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் கற்சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியாக உறுப்பினரைத் தேரும் முறையும், ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றின் அமைப்பும் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி பொறுப்புக்கு வரலாகாது என்றும் அக்கல் விதிக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஏரியைத் தூர்வாரியவர்கள் எப்படித் தேரப்பட்டார்கள் என்பதை இன்று நாம் அறிவது, ஒருவர் அதை எழுதி வைத்ததால்.

நம் கண்முன் நிகழ்ந்த நாற்பதாண்டுத் தொழிலின் நிலை என்ன? வான்கார்டை முதன்முதலில் பூட்டிய கைகள் யாருடையவை? நான்கு கதவு வேண்டும் என்று முதலில் சொன்னவர் யார்? அந்தத் தகட்டை முதலில் தட்டி வளைத்தவர் எந்த ஊர்க்காரர்? இவற்றுக்கு விடை தரும் நூல் எதுவும் நம் கண்ணில் பட்டதில்லை. வண்டலூர் ஆலையில் இளைஞராய்ச் சேர்ந்தவர்கள் இன்று எழுபது, எண்பது வயது முதியவர்கள். தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் செங்கற்பட்டிலும் அவர்கள் நம்மிடையே வாழ்ந்து கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் அச்சங்கிலியில் சில கண்ணிகள் அறுகின்றன. நம் மேஸ்திரியும் இன்று இல்லை.

நம் ஹெரால்டை 2003இல் பழங்கார்களைப் பேணும் ஓர் அன்பரிடம் ஒப்படைத்தோம். கொட்டிலின் மறுபாதி மீண்டும் பசுவுக்கே ஆயிற்று. வண்டி எங்கோ ஒரு கூரையின்கீழ் பேணப்படுகிறது என்பதில் மகிழ்ச்சியே. ஆனால் இரும்பைப் பேணுவது ஒரு பாதி வேலைதான்.

ஆகவே வாசக அன்பர்களுக்கு, சிறப்பாகச் செங்கற்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் கல்லூரிகளில் பயிலும் மாணவர்களுக்கு, நாம் வைக்கும் வேண்டுகோள் இது. உங்கள் தெருவில் ‘ஸ்டாண்டர்டு கம்பெனியில் வேலை பார்த்தவர்’ என்று ஊர் சொல்லும் பெரியவர் ஒருவர் இருக்கக் கூடும். அவரிடம் சென்று அமருங்கள். எந்த ஆண்டு சேர்ந்தார், எந்தப் பிரிவில் நின்றார், யாரிடம் தொழில் கற்றார், யாருக்குக் கற்பித்தார் என்று கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். பித்தளை மூட்டுக்கு ஏன் கிரீஸ் ஆகாது என்றும் கேளுங்கள். அவர் முகம் மலர்வதைக் காண்பீர்கள். அப்பெயர்களையும் செய்திகளையும் தொகுத்து ஒரு சிறு நூலாக்க முன்வருவோர் இருப்பின், நம்மிடம் எஞ்சியுள்ள பழைய ரசீதுகளையும், மேஸ்திரி சொல்லச் சொல்ல நாம் குறித்து வைத்த ஒரு நோட்டுப் புத்தகத்தையும் அவர்களிடம் மனமுவந்து தரக் காத்திருக்கின்றோம்.